"சத்தமே வராது சார்" என்று மோட்டார் விற்பவர்களிடம் கவனம்

வீட்டிலேயே சிஎன்சி ரௌட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் மெஷின்) செய்துகொண்டிருப்பவர்களும் செய்ய நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்குக் கிட்டத்தட்ட 35 ஆயிரம் ரூபாய் போயிற்று. மட்டமான மோட்டாரை ஏமாற்றி விற்றதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். "சத்தத்தைக் குறைத்துத் தருகிறோம்" என்று வீட்டுக்கே வந்து, சத்தத்தோடு சேர்த்து மெஷினின் பலத்தையும் குறைத்துவிட்டு, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் இருப்பது கோவையில். வேலை நேரம் போக பெயர்ப் பலகை, பூஜை அறைக் கதவு என்று மரத்தில் செதுக்கித் தருகிறேன். 600க்கு 900 மி.மீ. அளவில் ஒரு ரௌட்டரை நானே கட்டினேன். 40க்கு 80 அலுமினியம் புரொபைல், 1605 பால் ஸ்க்ரூ, பிட்டைச் சுழற்றி வெட்டும் ஒன்றரை கிலோவாட் ஸ்பிண்டில், மெஷினை ஓட்ட அர்டுயினோ ஊனோ போர்டில் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள். இரும்பு வேலை எனக்குக் கைவந்தது. மின்சாரப் பக்கம்தான் அரைகுறை. அதனால் மெஷினை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார், அதற்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் டிரைவர், பவர் சப்ளை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செட்டாக வாங்கினேன். நீமா 23 மோட்டார் நான்கு, ஒவ்வொன்றும் 2.8 ஆம்ப்ஸ், 18.9 கிலோ டார்க் (முறுக்கு விசை) என்றார்கள். டிபி6600 டிரைவர் நான்கு, 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை ஒன்று. மொத்தம் 21,500 ரூபாய். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டால் 18 சதவீதம் கூடும் சார், எஸ்டிமேட்டே போதுமே" என்றார் விற்றவர். நானும் சரி என்று தலையாட்டினேன். முதல் தப்பு என்னுடையது.

ஓட்டிப் பார்த்த முதல் நாளே வீடு அதிர்ந்தது. ஸ்டெப்பர் மோட்டாரில் சத்தம் இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் 1.8 டிகிரி திரும்பி நிற்கிறது. நிற்கும்போது கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடித்தான் அடங்குகிறது. அந்த ஆட்டத்தின் வேகமும் நாம் அனுப்பும் ஸ்டெப்பின் வேகமும் ஒத்துப்போகும் இடத்தில் உறுமல் கிளம்பும். பொதுவாக அது நொடிக்கு ஒரு சுற்று, அதற்கும் குறைவான வேகத்தில் வரும். என் ஸ்க்ரூவுக்கு 5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) என்பதால், நிமிடத்துக்கு 300 மி.மீ. ஃபீட் (நகரும் வேகம்) அருகே. ஒரு ஸ்டெப்பையே பல துண்டாகப் பிரித்து ஓட்டும் மைக்ரோஸ்டெப் வைத்தால் அந்த உறுமல் பெரிதும் குறையும். ஆனால் என் மெஷினில் 1,500 மி.மீ. ஃபீட் அருகே இன்னொரு ஊளை கிளம்பி, கீச்சென்று ஒரு சத்தத்தோடு மோட்டார் அப்படியே நின்றுவிடும். பத்து நிமிடம் ஓட்டினால் மோட்டார் மேல் விரல் வைக்க முடியாத சூடு வேறு.

விற்றவரிடம் சொன்னேன். "டியூனிங் பண்ணணும் சார். நம்ம டெக்னீஷியன் வருவாரு. சத்தமே வராது" என்றார். விசிட்டுக்கு 4,500 ரூபாய்.

வந்த பையன் நல்ல பேச்சுக்காரன். மெஷின் ஆனில் இருக்கும்போதே மோட்டார் ஒயரைக் கழற்றி மாட்டினான். பட்டென்று ஒரு டிரைவர் செத்தது. "டிரைவர் வீக்கா இருந்திருக்கு சார்" என்று பையிலிருந்து புதிது ஒன்றை எடுத்து மாட்டி, அதற்கு 1,800 வாங்கினான். பவர் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றினால் டிரைவர் போய்விடும் என்பது பால பாடம் என்று எனக்கு அப்போது தெரியாது. அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அப்புறம் டிரைவரின் டிப் சுவிட்சில் (அளவுகளை மாற்றும் குட்டிச் சுவிட்சுகள்) ஏதோ மாற்றினான். லேப்டாப்பில் சில எண்களை மாற்றினான். ஓட்டிக் காட்டினான். சத்தியமாகச் சொல்கிறேன், மின்விசிறி சத்தம்தான் கேட்டது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். காற்றில்தான் ஓட்டிக் காட்டினான், மரத்தில் அல்ல என்பது அந்தச் சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பூஜை அறைக் கதவு. தேக்குப் பலகை மட்டும் 7,000 ரூபாய். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று மணி நேரத்தைத் தாண்டியும் ஓடியது. மூலைகளில் பிட் தயங்கித் தயங்கித் திரும்ப, மரம் கருகியது. சரி, தேய்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கதவில் ஒரு தாமரை. அதில் ஓர் இதழ் முடிந்து அடுத்த இதழுக்குப் போகும்போது இசட் (பிட்டை மேலும் கீழும் நகர்த்தும் அச்சு) மேலே ஏற வேண்டும். ஸ்பிண்டிலின் கனத்தை மோட்டாரால் தூக்க முடியவில்லை. ஸ்டெப்பை விட்டுவிட்டது. மேலே ஏறியதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்க, பிட் பலகைக்குள்ளேயே இருந்தபடி தாமரையின் குறுக்கே ஓர் உழவு ஓட்டிவிட்டுப் போயிற்று. வாடிக்கையாளர் வேறு இடத்தில் செய்துகொண்டார்.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "ஃபீட் அதிகம் வச்சிருப்பீங்க சார்" என்று பதில். அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை.

கோவை கணபதி பகுதியில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். மோனோபிளாக் பம்புக்கு வைண்டிங் கட்டிக் கட்டியே தலை நரைத்தவர். ஸ்டெப்பர் எல்லாம் தொட்டதில்லை என்று சொல்லிக்கொண்டேதான் கையில் வாங்கினார். முதலில் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட வைத்து, அது காட்டிய 0.3 ஓமைக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு சுருளை அளந்தார். 0.3 கழித்தது போக 3.6 ஓம்.

"தம்பி, இதை ரெண்டே முக்கால் ஆம்ப்ஸ்னு யாருங்க சொன்னது? இவ்வளவு மெல்லிசு கம்பியில அவ்வளவு கரண்ட் விட்டா வேகாம என்ன செய்யும்?"

76 மி.மீ. நீளமுள்ள 2.8 ஆம்ப்ஸ் நீமா 23 மோட்டாரில் ஒரு சுருளின் தடை பொதுவாக ஒரு ஓம் சொச்சம்தான் இருக்கும். என்னுடையதன் உடல் நீளத்தை அளந்தால் 56 மி.மீ. பின்மூடியைக் கழற்றினார் அண்ணன். ஒயர் வெளியே வரும் இடத்தில், வெட்டி உள்ளே தள்ளி வைத்த இரண்டு குட்டை ஒயர்கள். ஆறு ஒயர் மோட்டார் அது. ஏதோ பழைய மெஷினில் இருந்து கழற்றியது. இரண்டு சுருள்களின் நடுவிலிருந்தும் வரும் நடு ஒயர் இரண்டையும் வெட்டி, நான்கு ஒயர் மோட்டார்போல ஆக்கி, மேலே புது லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். நான்கும் அப்படியே.

இது ஏன் முக்கியம் என்றால், நடு ஒயரை விட்டுவிட்டு முழுச் சுருளையும் ஓட்டினால், அரைச் சுருளில் ஓட்டுவதைவிடத் தடை இரண்டு மடங்கு, இண்டக்டன்ஸ் நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. இண்டக்டன்ஸ் கூடினால் சுருளுக்குள் கரண்ட் ஏற நேரம் பிடிக்கும். 24 வோல்ட்டில், வேகம் கூடக் கூட, கரண்ட் ஏறி முடிப்பதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடும். டார்க் வடிந்துபோகும். 1,500இல் வந்த ஊளையும் நிற்பதும் அதனால்தான். அப்படி இணைத்த மோட்டாருக்கு ஏற்ற கரண்ட் 1.4 ஆம்ப்ஸ். லேபிளை நம்பி நான் 2.8 விட்டிருந்தேன். கரண்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு.

டிரைவரையும் திறந்தோம். டிபி6600 என்று பெட்டிமேல் எழுதியிருந்தது. உள்ளே இருந்தது தோஷிபாவின் டிபி67எஸ்109 என்ற, நகம் அளவுச் சதுரச் சிப். அது கெட்ட சிப் இல்லை. ஆனால் 4 ஆம்ப்ஸ் என்பது அதன் உச்ச வரம்பு. அந்தச் சின்ன அலுமினியத் துண்டை ஒட்டிவிட்டு 4 ஆம்ப்ஸ் என்று விற்பது அநியாயம். பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நிஜ டிபி6600 சிப்பில் மைக்ரோஸ்டெப் 16 வரைதான். பெட்டியின் மேலுள்ள அட்டவணையில் 32 என்று இருந்தால் உள்ளே வேறு சிப். சந்தையில் இப்போது கிடைப்பதில் நிறைய இந்த ரகம்தான். விலைக்கு ஏற்றது என்று தெரிந்து வாங்கினால் குறையில்லை.

டியூனிங் ரகசியத்துக்கு வருகிறேன். டிப் சுவிட்சைப் பெட்டியின் அட்டவணையோடு ஒத்துப் பார்த்தேன். கரண்ட் 2.8இல் இருந்து 1.0க்கு இறங்கியிருந்தது. மைக்ரோஸ்டெப் 8இல் இருந்து 32. அதற்கேற்ப ஜிஆர்பிஎல்லில் ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்று குறிக்கும் $100 முதல் $102 வரை 320ஆக இருந்ததை 1280 ஆக்கியிருக்கிறான். அது சரிதான். ஆனால் ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் நொடிக்குச் சுமார் 30,000 ஸ்டெப்தான் அனுப்பும். 1280 என்றால் நிமிடத்துக்கு 1,400 மி.மீ.க்கு மேல் போகவே முடியாது. அதனால் $110இல் உச்ச வேகத்தை 1,200 என்று பூட்டிவிட்டான். ஊளை கிளம்பும் வேகத்துக்கு மெஷின் இனி போகவே போகாது. கூடவே $120இல் ஆக்சிலரேஷனை 250இல் இருந்து 30 ஆக்கியிருந்தான். மூலையில் மரம் கருகியதும் வேலை இழுத்ததும் அதனால். மாட்டின் வாயைக் கட்டிவிட்டு, "பாருங்கள், கத்தவே இல்லை" என்று காட்டுவதுபோல.

டியூனிங் என்று யாராவது வந்தால், அவர் கை வைப்பதற்கு முன் ஜிஆர்பிஎல்லில் $$ என்று அடித்து வரும் பட்டியலை ஒரு படம் எடுத்து வையுங்கள். டிப் சுவிட்சையும் படம் எடுங்கள். முடித்த பிறகு இன்னொரு முறை. நான் பழைய எண்களை நோட்டில் எழுதி வைத்திருந்ததால்தான் இவ்வளவும் பிடிபட்டது. காற்றில் ஓட்டிக் காட்டினால் காசு கொடுக்காதீர்கள். ஸ்பிண்டிலில் கூர்முனை வி பிட் மாட்டி, பலகையில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். முழு வேகத்தில் 300 மி.மீ. போய்த் திரும்புவதை ஐம்பது தடவை ஓட்டி, அதே புள்ளியில் வந்து குத்துகிறதா பாருங்கள். இசட்டுக்கும் இதே சோதனை. அப்புறம் ஒரு மட்டமான மரத்தில், நீங்கள் வழக்கமாக வெட்டும் ஆழத்தில் வெட்டச் சொல்லுங்கள்.

மோட்டார் வாங்கும்போது மல்டிமீட்டர் கையில் இருக்கட்டும். விற்பவரிடம் சுருளின் தடை, இண்டக்டன்ஸ், உடல் நீளம் மூன்றையும் வாட்ஸப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "டேட்டாஷீட் எல்லாம் இல்லை சார், கிலோதான் முக்கியம்" என்பவரிடம் வாங்காதீர்கள். பார்சலில் வந்தால் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அது இல்லாமல் பலர் திருப்பி வாங்குவதே இல்லை.

இப்போது மெஷின் எப்படி என்று கேட்பீர்கள். அண்ணன் அந்தக் குட்டை ஒயர்களில் புது ஒயரைப் பற்ற வைத்து வெளியே எடுத்துக் கொடுத்தார். நடு ஒயரும் ஒரு முனையும் மட்டும் வைத்து அரைச் சுருளில் ஓட்டுகிறேன், 2 ஆம்ப்ஸில். நிற்கும்போது பிடிப்பு கொஞ்சம் குறைவு. ஆனால் இண்டக்டன்ஸ் கால் பங்கானதால் வேகத்தில் டார்க் நிற்கிறது. பவர் சப்ளையை 36 வோல்ட் ஆக்கினேன். மைக்ரோஸ்டெப் மறுபடி 8. டிரைவர்களுக்கு மேல் ஒரு ஃபேன். ரேபிட் (வெட்டாமல் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 2,500 மி.மீ. வரை போகிறது. இசட்டுக்கு மட்டும் நல்ல மோட்டாரும் டிஎம்542 வகை டிஜிட்டல் டிரைவரும் புதிதாக வாங்கினேன். நிற்கும்போது கரண்ட்டைப் பாதியாக்கும் சுவிட்ச் அதில் இருப்பதால் சும்மா நிற்கும்போது வரும் சீறலும் சூடும் குறைந்தன.

சத்தத்தில் பாதி மோட்டாருடையதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மோட்டாரைக் கழற்றி மடித்த துண்டின் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். முனகல்தான் வந்தது. நான் மெஷினை வைத்திருந்த பிளைவுட் மேசை, உள்ளே வெற்றிடமாக, மிருதங்கம்போல அதிர்ந்துகொண்டிருந்தது. மேசைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய கடப்பா கல், அதன்மேல் மெஷின். மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் ஒரு கப்ளிங் கோணலாக இருந்ததையும் நேராக்கினேன். மொத்தச் செலவு 900 ரூபாய்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது என்று விற்றவர் பயமுறுத்திப் பார்த்தார். 2019 சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசமும் உண்டு. பில் இல்லாததுதான் என் பலவீனம். எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸப் உரையாடல், அந்த வெட்டிய ஒயர்களின் படம், இவற்றை வைத்துத்தான் போராட வேண்டும்.

போன வாரம் விற்றவரே கூப்பிட்டார். டியூனிங் காசைத் திருப்பித் தருகிறேன், எங்கேயும் எழுதாதீர்கள் என்றார். மோட்டாருக்கும் செத்த டிரைவருக்கும் என்ன வழி என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசித்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.