டீசலோடு மின்மோட்டார்: கணக்கு எங்கே இடிக்கிறது?

டீசல் கார் மைலேஜ் தரும். இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் காரும் மைலேஜ் தரும். இரண்டையும் ஒரே வண்டியில் வைத்தால் லிட்டருக்கு நாற்பது வராதா? கார் வாங்க யோசிக்கிற யாரிடம் பேசினாலும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்துவிடுகிறது. எனக்கும் பல வருடங்களாக இதே ஆசை இருந்தது. இந்த வகை வண்டிகளைப் பற்றித் தேடித்தேடிப் படித்தபிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மின்மோட்டாரின் துணை அதிகம் தேவைப்படுவது பெட்ரோல் இன்ஜினுக்குத்தான். டீசலுக்கு அந்தத் துணையால் கிடைக்கும் ஆதாயம் குறைவு, செலவு மட்டும் முழுசாக வரும்.

பலருக்கு ரயில் ஞாபகம் வரும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சி பொன்மலைப் பணிமனைக்கு வரும் டீசல் ரயில் இன்ஜின்களும் டீசல்-எலக்ட்ரிக்தான். டீசல் இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும், அச்சில் இருக்கும் மோட்டார்கள் சக்கரத்தைச் சுற்றும். ஆனால் அங்கே மின்சாரம் கியர்பாக்ஸுக்குப் பதிலாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரியில் பிடித்து வைத்து மறுபடி செலவழிப்பது காரில் வரும் ஹைபிரிட்டின் வேலை.

இப்போது இன்ஜினுக்கு வருவோம். பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் வழியில் த்ராட்டில் என்ற மூடி இருக்கிறது. நெரிசலில் ஊரும்போது அது கிட்டத்தட்ட மூடியே கிடக்கும். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சு இழுப்பது போல, காற்றை இழுப்பதிலேயே இன்ஜினின் சக்தி போய்விடும். டீசலில் காற்றை அப்படித் தடுக்க வேண்டியதில்லை. உள்ளே தெளிக்கும் டீசலின் அளவைக் குறைத்தால் போதும். அதனால் மெதுவாகப் போகும்போதும் டீசல் அவ்வளவாக வீணடிக்காது.

பெட்ரோல் ஹைபிரிட்டில் அந்த ஊர்ந்து போகும் வேலையை மோட்டார் வாங்கிக்கொள்கிறது, இன்ஜினுக்கு அது நன்றாகச் செய்யும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. 2015-இல் வந்த நான்காம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸின் பெட்ரோல் இன்ஜின் 40 சதவீத வெப்பத்திறனைத் தொட்டது, அதாவது எரிபொருளின் சக்தியில் அவ்வளவு உச்சத்தில் வேலையாக மாறியது. கார்களில் வரும் நல்ல டீசல் இன்ஜின் உச்சத்தில் அதைவிடக் கொஞ்சம்தான் மேலே. அப்படியென்றால் டீசலின் பழைய சாதகத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

இதெல்லாம் தெரிந்தும் ஐரோப்பாவில் முயன்றார்கள், அதுவும் மனசாரவே முயன்றார்கள். 1997-இல் ஆடி டுவோ என்று 1.9 லிட்டர் டீசலோடு ஒன்று வந்தது. நூறு வண்டிகூட விற்கவில்லை. பிறகு 2011-12 வாக்கில் மூன்று கார்கள் மூன்று வழிகளில் வந்தன.

பெஜோ 3008 ஹைபிரிட்4-இல் முன்சக்கரங்களுக்கு 163 குதிரைசக்தி டீசல், பின்சக்கரங்களுக்கு 37 குதிரைசக்தி மோட்டார். நடுவில் எந்தத் தண்டும் இல்லாமலே நான்கு சக்கர இழுவை கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுதான். இருக்கிற டீசல் காரின் முன்பாதியைத் தொடாமல், பின்னால் ஒரு மோட்டாரைக் கோர்த்துவிட்டார்கள். கிளட்சைத் தானே இயக்கிக்கொள்ளும் ஆறு கியர் பெட்டி கியர் மாற்றும் நொடியில் வண்டி லேசாகத் தயங்கும். அந்த இடைவெளியைப் பின்மோட்டார் தள்ளி நிரப்பப் பார்த்தது. முழுசாக நிரம்பவில்லை என்பதுதான் ஓட்டியவர்களின் பொதுவான குறை. பின்னால் சாமான் வைக்கும் இடத்தின் அடியையும் மோட்டாரும் பேட்டரியும் எடுத்துக்கொண்டன.

மெர்சிடிஸ் இ300 புளூடெக் ஹைபிரிட் வேறு வழியில் போனது. 204 குதிரைசக்தி டீசலுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவில் 20 கிலோவாட் மோட்டாரைச் செருகி, சின்ன பேட்டரியை பானெட்டுக்குள்ளேயே வைத்தார்கள். டிக்கி இடம் குறையவில்லை. காலை எடுத்துவிட்டால் நெடுஞ்சாலை வேகத்திலும் இன்ஜின் அணைந்து, வண்டி சும்மா வழுக்கிக்கொண்டு போகும். 2014-இல் ஒரு பத்திரிகையாளர் இதை ஆப்பிரிக்காவின் டாஞ்சியரிலிருந்து இங்கிலாந்தின் குட்வுட் வரை, ஏறக்குறைய 1,970 கி.மீ., ஒரே டேங்க் டீசலில் ஓட்டினார். கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்தத் தூரத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. அங்கே மோட்டார் இல்லாத டீசலே நன்றாகத்தான் ஓடும்.

மூன்றாவது வால்வோ வி60, 11.2 கிலோவாட்-மணி பேட்டரியோடு. வீட்டில் சார்ஜ் போட்டால் 50 கி.மீ. மின்சாரத்திலேயே போகும் என்றது நிறுவனம். ஊருக்குள் மின்சாரம், வெளியூருக்கு டீசல். இரண்டும் அதனதன் இடத்தில் நிற்பதால், இந்த மூன்றில் கணக்கு சரியாக வருவது இதில்தான். டீசலை இன்னும் விடாத மெர்சிடிஸும் பிற்பாடு சார்ஜ் போடும் டீசல் ஹைபிரிட்டுக்கே மாறிவிட்டது. விலையைப் பார்த்தால்தான் நம்மைப் போன்றவர்கள் ஒதுங்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடியது இவற்றின் தம்பி மாதிரி ஒன்று. 2015-இல் மாருதி சியாஸ் டீசலில் எஸ்எச்விஎஸ் என்ற சின்ன ஹைபிரிட் அமைப்பு வந்தது. மோட்டார் தனியாக வண்டியை நகர்த்தாது. பெல்ட்டில் மாட்டிய ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் கொஞ்சம் கை கொடுக்கும். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டால் இன்ஜின் அணையும். அந்த அமைதியில் முன்னால் நிற்கும் ஆட்டோவின் தடதடப்பு சட்டென்று பெரிதாகக் கேட்கும். ஏசி காற்றில் மெல்லச் சூடு ஏறும். கிளட்சை மிதித்ததும் உலுக்கல் இல்லாமல் இன்ஜின் உயிர்பெறும்.

இனி கணக்கு. பழைய டீசல் சியாஸின் சான்றிதழ் மைலேஜ் 26.21. எஸ்எச்விஎஸ் வந்தபின் 28.09. ஆயிரம் கிலோமீட்டருக்கு மிச்சம் இரண்டரை லிட்டர் டீசல். மின்சார, ஹைபிரிட் வண்டிகளுக்கு மத்திய அரசு தந்த ஃபேம் மானியம் இருந்தவரை இது லாபமாகத் தெரிந்தது. 2017 ஏப்ரலில் இந்த வகைக்கு அந்த மானியம் நின்றது. அதே வருடம் ஜூலையில் ஜிஎஸ்டியிலும் ஹைபிரிட்டுகளுக்குச் சலுகை கிடைக்கவில்லை. 2019-இல் சியாஸுக்கு 1.5 லிட்டர் டீசல் வந்தபோது பெட்ரோலில் ஹைபிரிட் இருந்தது, டீசலில் இல்லை. 2020-இல் பிஎஸ்6 என்ற கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது.

அப்புறம் புகைக்குழாய். என்னைப் பொறுத்தவரை டீசல் ஹைபிரிட்டின் பெரிய சிக்கல் இங்கேதான். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் பிஎஸ்6 டீசல் எஸ்யூவி ஒன்று வைத்திருக்கிறார். பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவர தினமும் மூன்று கிலோமீட்டர், அவ்வளவுதான் ஓட்டம். ஆறு மாதத்தில் டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தது. கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அடைக்கிறது, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள் என்றார் மெக்கானிக். ஒரு ஞாயிறு காலை இருவரும் பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை போனோம். விளக்கு அணைந்தது. வண்டியை நிறுத்தியபிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது, அடியிலிருந்து தோசைக்கல் காய்ந்த மாதிரி அனல் அடித்தது.

அந்தக் கரி எரிய 550 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். யூரியா தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை அடக்கும் அமைப்பும் 200 டிகிரி அளவுக்குச் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இன்ஜின் எவ்வளவுக்கெவ்வளவு அணைந்து கிடக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு லாபம் என்பது ஹைபிரிட்டின் கணக்கு. புகைக்குழாய் எப்போதும் சூடாக இருக்க வேண்டும் என்பது டீசலின் தேவை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சமாளிக்க முடியாதது இல்லை, ஆனால் சமாளிக்கிற ஒவ்வொன்றுக்கும் காசு. பெட்ரோலைவிட விலை கூடிய டீசல் இன்ஜின், அதன் வடிகட்டி, யூரியா தொட்டி, அதற்கு மேல் மோட்டார், பேட்டரி. 2015 செப்டம்பரில் டீசல் புகைச் சோதனையில் ஃபோக்ஸ்வாகன் செய்த மோசடி வெளிப்பட்டபிறகு, இவ்வளவு செலவு செய்து டீசலைக் காப்பாற்ற ஐரோப்பாவிலேயே பலருக்கு ஆர்வமில்லாமல் போனது.

மைலேஜை லிட்டரில் ஒப்பிடுவதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோல் என்றால் சுமார் 2.3 கிலோ. சுற்றுச்சூழலுக்காக டீசல் ஹைபிரிட் வேண்டும் என்பவர்கள் மைலேஜில் அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, இன்று கடைக்குப் போனால் என்ன வாங்குவது? நம் ஊரில் இந்த ஒப்பீடு இன்னோவா கிரிஸ்டா, ஹைகிராஸ் என்ற இரண்டு பெயர்களில் நிற்கிறது. கிரிஸ்டா 2.4 லிட்டர் டீசல், சட்டகத்தின் மேல் கட்டிய உடல், பின்சக்கர இழுவை. ஹைகிராஸ் 2 லிட்டர் பெட்ரோல் ஹைபிரிட், முன்சக்கர இழுவை. நிறுவனம் சொல்லும் மைலேஜ் 23.24. ஏழு பேர், கூரையில் மூட்டை, மலைப்பாதை, மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் என்றால் நான் டீசலைத்தான் சொல்வேன், மோட்டார் எதுவும் இல்லாமல். ஊருக்குள் நெரிசலில்தான் பாதி நாள் என்றால் ஹைகிராஸ். அதன் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் இருப்பதால் பேட்டரி கெட்டுவிடுமோ என்ற பயமும் பெரிதாக வேண்டாம்.

பழைய சியாஸ் எஸ்எச்விஎஸ் டீசல் நல்ல விலைக்கு வந்தால் தாராளமாக வாங்கலாம், நல்ல டீசல் கார் என்பதற்காக. பார்க்கப் போகும்போது இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏசியை அணைத்து, ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டதும் இன்ஜின் அணைகிறதா, மிதித்ததும் உலுக்காமல் எழுகிறதா என்று நாலைந்து தடவை பாருங்கள். அணையவில்லை என்றால் பேட்டரியின் வயதைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.