யோசெமிட்டி பள்ளத்தாக்கில் மூன்று இரவுகள்: அப்பர் பைன்ஸ் முகாம்தளம்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் இருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு, விடியுமுன் கிளம்பி இருட்டியபின் வீடு திரும்பும் ஒருநாள் பயணமாக நாங்கள் நான்கைந்து முறை போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் காரை நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் கழிந்தது. ஆகவே சென்ற மே மாதக் கடைசியில், பள்ளத்தாக்குக்கு உள்ளேயே அமைந்த அப்பர் பைன்ஸ் முகாம்தளத்தில் மூன்று இரவுகள் கூடாரம் அடித்துத் தங்கினோம். தனிமையை நாடிப் போகிறவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. ஆனால் பகல்கூட்டம் வந்து சேருமுன் இருக்கும் காலையும் அது கலைந்தபின் வரும் அந்தியும் வேண்டும் என்பவர்களுக்கு, இதைவிட வசதியான இடத்தை நான் கண்டதில்லை.

இடம் கிடைப்பதுதான் முதல் சோதனை. ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி காலை 7 மணிக்கு, ஐந்து மாதங்களுக்குப் பிந்தைய நாட்களுக்கான முன்பதிவு இணையத்தில் திறக்கிறது; கோடைகால இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. வார நாட்களைக் கேட்டதால்தான் எங்களுக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். ஓர் இரவுக்கு 36 டாலர், ஓர் இடத்தில் ஆறு பேர் வரை தங்கலாம் என்பதால், பள்ளத்தாக்கின் விடுதிக் கட்டணங்களோடு ஒப்பிட்டால் இது மிக மலிவு.

இருநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் பைன் மரங்களுக்கு இடையே நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மர மேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், உணவை வைக்க ஓர் இரும்புப் பெட்டி ஆகிய மூன்றும் உண்டு. குடிநீர்க் குழாயும் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையும் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. குளிக்க மட்டும் கறி வில்லேஜ் வரை போக வேண்டும். பெயரைப் பார்த்து நம் வீட்டுக் குழம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1899-இல் அங்கே கூடார விடுதி தொடங்கிய கறி தம்பதியரின் குடும்பப் பெயர் அது. பக்கத்து இடத்தில் தங்கியவர்கள் மறுநாள் எந்தப் பாதையில் நடக்கப் போகிறார்கள் என்பது வரை நம் கூடாரத்துக்குள் கேட்கும். கோடையில் மாலை 5 முதல் இரவு 10 மணி வரைதான் தீ மூட்டலாம் என்ற விதி இருந்தும், காற்று அசையாத இரவுகளில் புகை மரங்களுக்கு அடியிலேயே தேங்கி நிற்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அந்த இரும்புப் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏறத்தாழ 114 செ.மீ. அகலமும் 84 செ.மீ. ஆழமும் 46 செ.மீ. உயரமும் கொண்ட அந்தப் பெட்டிக்குள், உணவு மட்டுமன்றி, பற்பசை, சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என மணம் உள்ள எல்லாவற்றையும் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இரவில் காருக்குள் எதையும் விட்டுவைக்கக் கூடாது. கரடிகள் கார்க் கதவின் மேல்விளிம்பைப் பற்றி வளைத்துக் கண்ணாடியை உடைத்துவிடும். 1998-ஆம் ஆண்டில் மட்டும் இந்தப் பூங்காவில் 1,500-க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாயின. பெட்டிகளும் கண்டிப்பான விதிகளும் வந்தபிறகே அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. ஒரு காலத்தில் இதே பூங்காவில் குப்பைமேட்டில் உணவு கொட்டிக் கரடிகளை வேடிக்கை காட்டினார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் மனிதர்கள்தாம். நம் சமையலுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. முதல் இரவு எல்லாவற்றையும் அடுக்கி முடித்துப் படுத்தபிறகு, பெருங்காய டப்பா காரின் கதவுப் பையிலேயே கிடப்பது மனைவிக்கு நினைவு வந்தது. டார்ச் விளக்கோடு போய் எடுத்துவந்து பெட்டியில் வைத்தபோது மணி பதினொன்று. உங்கள் ஐஸ் பெட்டியின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு புறப்படுங்கள். எங்களுடையது இரண்டு விரற்கடை அதிகமாக இருந்ததால், படுக்க வைத்து, ஐஸ் உருகிய நீரில் தோசை மாவை நனைத்தோம்.

குளிரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பள்ளத்தாக்கின் தரைமட்டமே ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் அரைக்கைச் சட்டை போதும், விடியற்காலையில் பல் கிட்டித்துவிடும். புதிதாக வாங்கிப் போயிருந்த ஸ்லீப்பிங் பேக்கின் உறையில் பெரிய எழுத்தில் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸ் என்று போட்டிருந்தது. அது சுருண்டு படுத்துத் தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லை மட்டுமே என்பதும், நிம்மதியாகத் தூங்குவதற்கான அளவு அதைவிடச் சில டிகிரி கூடுதல் என்பதும், அதுவே உள்ளே தைத்திருந்த துணிச்சீட்டில் சிறிய எழுத்தில் இருந்ததும் இரண்டாம் நாள்தான் தெரிந்தது. வாங்குபவர்கள் அந்தச் சிறிய எழுத்தைப் பார்த்து வாங்கட்டும். அடியில் விரிக்கும் மெத்தை மெல்லியதாக இருந்தால் எந்தப் பையும் உதவாது. உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொள்ளும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்குக் கைமேல் பலன் காலையில் கிடைத்தது. வெர்னல் அருவிக்குப் போகும் மிஸ்ட் டிரெயில் என்ற நடைபாதை தொடங்கும் ஹாப்பி ஐல்ஸ், முகாம்தளத்திலிருந்து பதினைந்து நிமிட நடைதான். ஆறரை மணிக்கு நாங்கள் கருங்கற் படிகளில் ஏறத் தொடங்கியபோது முன்னால் இருவர், பின்னால் யாருமில்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள், 97 மீட்டர் அருவி, உருகும் பனியால் பெருகிய மெர்செட் ஆறு. சாரல் மழைபோல் அடித்ததில் சின்னவளின் கண்ணாடி மங்கிப்போய், படிக்குப் படி கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. படிகள் எந்நேரமும் வழுக்கும். செருப்போடு வருவது மடமை. பத்து மணிக்கு இறங்கி வருகையில் எதிரே ஏறிவந்தவர்களின் வரிசை திருவிழாக் கூட்டமாக இருந்தது. ஒருநாள் பயணத்தில் வந்தபோதெல்லாம் நாங்கள் அந்த வரிசையில்தான் நின்றிருந்தோம்.

மாலையிலும் அப்படியே. கார்கள் வெளியேறியபின் ஸ்டோன்மன் புல்வெளிக்குப் போனால், கடல்மட்டத்திலிருந்து 2,694 மீட்டர் உயர ஹாஃப் டோம் பாறையின் முகத்தில் கடைசி வெயில் ஆரஞ்சாகிப் பிறகு சாம்பலாவதை உட்கார்ந்து பார்க்கலாம். காரை மூன்று நாட்களும் நாங்கள் எடுக்கவில்லை. பள்ளத்தாக்கைச் சுற்றும் பேருந்து இலவசம்.

போவதாக இருந்தால் மே, ஜூன் மாதங்களிலேயே போங்கள். 739 மீட்டர் யோசெமிட்டி அருவி பனியுருகலை நம்பியிருப்பது. ஆகஸ்டில் வெறும் பாறையைத்தான் பார்க்க நேரலாம். விறகை உள்ளூரிலேயே வாங்குங்கள். பள்ளத்தாக்கில் பொறுக்குவதற்குத் தடை இருக்கிறது, தொலைவிலிருந்து கொண்டுவரும் கட்டையில் மரத்தைக் கொல்லும் பூச்சிகளும் சேர்ந்து வரும். மூன்று இரவுக்குமேல் இங்கே தங்க நான் விரும்பமாட்டேன். அமைதிதான் வேண்டுமென்றால், குளிர்காலத்தில் பனியால் மூடிக்கிடக்கும் டயோகா சாலை திறந்தபின், இதே பூங்காவில் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் துவாலமி புல்வெளிப் பக்கம் போவது நல்லது. ஆனால் அங்கே குளிர் இன்னும் கடுமை, ஸ்லீப்பிங் பேக்கை மாற்றிவிட்டுத்தான் நாங்களும் போவதாக இருக்கிறோம்.