ரேடியேட்டர் மாற்றிய அன்றே ‘ஹெட் கேஸ்கட் போயிட்டு’ என்று சொன்னால் காசை எடுத்து நீட்டாதீர்கள்

மட்டக்களப்புப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். கராஜின் பெயரை எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள்.

போன மாதம் என் பழைய கொரொல்லாவின் ரேடியேட்டர் மேல்பக்கத்தில் வெடித்து ஒழுகத் தொடங்கியது. டவுனில் ஒரு கராஜில் விட்டேன். பாஸ் வேறு ரேடியேட்டர் போட்டார், வாய் வரைக்கும் நிரப்பினார், மூடியை இறுக்கினார். ஐந்து நிமிடம் ஸ்டார்ட்டில் வைத்துவிட்டு, “சரி, கொண்டு போங்க” என்றார். பில்லில் 4 லீட்டர் கூலன்ட் (ரேடியேட்டருக்கு விடும் நிறத் திரவம்) என்றும் போட்டிருந்தது. மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

அன்று பின்னேரமே மாமியை ஏற்றிக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்கு வெளிக்கிட்டோம். காத்தான்குடி நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறியது, பிறகு தானாக இறங்கியது. ஆரையம்பதி தாண்டித் திரும்பவும் ஏறியது. கிரான்குளத்தில் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி பொனட்டைத் திறந்தால், பக்கத்துப் பிளாஸ்டிக் டாங்கியில் தண்ணீர் குறையவே இல்லை. ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். கடை வாசலில் நின்ற ஒருவர் ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார். அவர் தடுத்திராவிட்டால் கொதிநீர் முகத்தில்தான் அடித்திருக்கும்.

கராஜுக்கு அழைத்தேன். காரைப் பார்க்காமலே பாஸ் சொன்னார்: “பழைய எஞ்சின்தானே, ஹெட் கேஸ்கட் போயிருக்கும்.” எஞ்சின் தலைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் இருக்கும் தகடு அது; போனால் தண்ணீர் ஒயிலோடு கலக்கும், சைலன்சரால் வெள்ளைப் புகையாகவும் போகும். அடுத்த நாள் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, “பாருங்க, குமிழி வருது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?” என்று காட்டினார். எனக்கும் பயம் பிடித்துவிட்டது. மொத்தம் 95,000 ரூபாய், சாமான் எடுக்க முற்பணம் 25,000. கொடுத்தேன். என் மடத்தனம்தான்.

வேலை திங்கட்கிழமைதான் தொடங்கும் என்றபடியால் காரைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வந்தேன். இடையில் மச்சான் ஆரையம்பதியிலிருந்து வயதான ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் முதலில் ஒயில் கம்பியை உருவிப் பார்த்தார். பால் தேத்தண்ணி நிறம் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. எஞ்சின் சூடானதும், “தம்பி, ஹீட்டரை முழுசாத் திருப்புங்க” என்றார். நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யார் போட்டுப் பார்க்கிறார்கள்? ஏழு வருடத்தில் அதைத் தொட்டது அன்றுதான். எஞ்சின் கொதிக்கிறது, உள்ளே வருவதோ சூடில்லாத காற்று. “காத்து அடைச்சு நிக்கிது. மறுகா தண்ணி எப்படிச் சுத்தும்?”

அவர் விளக்கியது இதுதான். ஹீட்டருக்குச் சூடு வருவதே எஞ்சினில் சுற்றும் சுடுநீரால்தான். ரேடியேட்டரைக் கழற்றும்போது தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் காற்று புகுந்துவிடும். மேலால் நிரப்பினால் அந்தக் காற்று ஹீட்டர் குழாயிலும் எஞ்சின் தலையிலும் சிக்கிக்கொள்ளும். வாட்டர் பம்ப் தண்ணீரைத்தான் தள்ளும், காற்றைத் தள்ளாது. சூட்டை அளக்கும் சென்சரும் காற்றுக்குள் மாட்டினால் முள் கண்டபடி ஆடும்.

எஞ்சின் ஆறிய பிறகு உள்ளே இருந்ததை வடித்தார். கூலன்ட்டாவது மண்ணாவது, நிறமே இல்லாத கிணற்றுத் தண்ணீர். எங்கள் பக்கத்து உவர்த் தண்ணீர் அலுமினியத்தை அரித்துத் தின்னும்.

வாசலில் இருந்த ஏற்றத்தில் காரின் மூக்கை உயர்த்தி நிறுத்தினார். ஒரு சோடாப் போத்தலின் அடியை வெட்டி, ரேடியேட்டர் வாயில் புனலாகச் செருகினார். ஹீட்டர் முழுச் சூட்டில். கலவைக் கூலன்ட்டை மெல்ல மெல்ல விட்டு, மூடி போடாமலே ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டார். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் இல்லை. 82 பாகை அளவில் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) திறந்ததும் போத்தலில் இருந்தது குபுக்கென்று உள்ளே போய், கொத்துக் கொத்தாகக் குமிழி வந்தது. தளும்ப நிரப்பியிருந்த அதே ரேடியேட்டர் மேலும் ஒன்றேகால் லீட்டர் குடித்தது! ஃபேன் இரண்டு தரம் ஓடி நின்றபோது குமிழி அடங்கிவிட்டது, ஹீட்டரில் சுடுகாற்று அடித்தது. கேஸ்கட் போயிருந்தால் குமிழி அடங்காமல் வந்துகொண்டே இருக்குமாம். கராஜில் எனக்குக் காட்டிய ‘அத்தாட்சி’ சும்மா வெளியேறிக்கொண்டிருந்த காற்று. சில கார்களில் காற்றை எடுக்கவென்றே தனித் திருகு இருக்கும், என்னுடையதில் இல்லை.

மொத்தம் ஒரு மணித்தியாலம். கூலன்ட் காசு போக 2,500 வாங்கினார். அடுத்த நாள் காலை குளிர்ந்த எஞ்சினில் அளவைப் பார்த்து அரைக் கோப்பை சேர்த்தேன். அதற்குப் பிறகு கல்முனைக்கு மூன்று தரம் போய் வந்துவிட்டேன். முள் பாதிக்குக் கீழே அசையாமல் நிற்கிறது.

எஞ்சினைக் கழற்றவே இல்லை, முற்பணத்தைத் தாருங்கள் என்று நான்கு தரம் கேட்டுவிட்டேன். போன கிழமை பாஸே அழைத்தார்: “உங்கட கேஸ்கட் வந்துட்டு. காரை எப்ப கொண்டு வாறிங்க?”