ஆப்பை அழித்தாலும் பணம் பிடிப்பது நிற்காது: அப்பாவின் பென்ஷனில் போன ஆறு மாதம்

வீட்டில் வயதானவர்கள் கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

அப்பா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். பி.எஃப். பென்ஷன் மாதம் 2,140 ரூபாய். போன வாரம் காட்பாடி பேங்கில் பாஸ்புக் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தவர், நேராக என்னிடம் நீட்டினார். "இன்னாடா இது, மாசாமாசம் 399 போவுது?" ஆறு வரிகளில் பென்சில் வட்டம். தோலில் ஓட்டை, கீறல் இருக்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் போட்டுப் பழகிய கையின் வட்டம் அது. மொத்தம் 2,394 ரூபாய். ஒரு மாதப் பென்ஷனுக்கும் மேல்.

குட்டிக் குட்டி சீரியல் காட்டும் ஒரு ஆப். ஒரு ரூபாய்க்கு 7 நாள் என்று விளம்பரம். அப்பா யுபிஐ பின் போட்டார், ஒரு ரூபாய்க்குத்தான் என்று நினைத்து. அது ஆட்டோபே அனுமதி. ஒருமுறை கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரை மாதாமாதம் பின் கேட்காமலே எடுக்கலாம். 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. சொல்லியிருக்கிறார்கள், இங்கிலீஷில். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

இரண்டாவது மாதமே, போன் மெதுவாக இருக்கிறது என்று அவர் சொன்னதால் அந்த ஆப்பை நானே அழித்தேன். அதற்குப் பிறகும் நான்கு முறை பணம் போயிருக்கிறது. இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆப்காரர்களுக்கு மெயில் போட்டேன். 'கட்டணத்தை நாங்கள் வசூலிக்கவில்லை, பிளே ஸ்டோரில் ரத்து செய்யுங்கள்' என்று பதில். பிளே ஸ்டோரைத் திறந்தால் சந்தா பட்டியல் காலி! பேங்கில் கேட்டால், "உங்கப்பாதான் சார் பின் போட்டு அனுமதி குடுத்திருக்காரு" என்கிறார்கள்.

ராத்திரி பதினோரு மணிக்குத்தான் கண்ணில் பட்டது. அப்பா போனில் இரண்டு கூகுள் கணக்கு. ஒன்று நான் போட்டுக் கொடுத்தது. இன்னொன்று, போன் வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்தில் உருவாக்கியது. சந்தா அதில் உட்கார்ந்திருந்தது. பிளே ஸ்டோரில் மேலே இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றி, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ளே போய் ரத்து செய்தேன். கடைசி 399 முந்தைய நாள்தான் போயிருந்தது. 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் கேட்டதால் அது மட்டும் திரும்பி வந்தது. மீதி ஐந்து மாதத்துக்கு, 'ஆப் நிறுவனத்தைக் கேளுங்கள்' என்று கூகுள் சொல்லிவிட்டது. அந்த நிறுவனத்திடமிருந்து பதிலே இல்லை.

இன்றைக்கே அம்மா அப்பா போனை வாங்கிப் பாருங்கள். எத்தனை கணக்கு இருக்கிறதோ, அத்தனையிலும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். ஆப் நேரடியாக யுபிஐ அனுமதி வாங்கியிருந்தால் இந்த இரண்டு இடத்திலும் தெரியாது. பணம் அனுப்பும் ஆப்பில் ஆட்டோபே பகுதியில்தான் கிடைக்கும். சிம் பேலன்ஸிலிருந்து காசு குறைகிறது என்றால் அது வேறு வழி, 155223க்கு ஸ்டாப் என்று இங்கிலீஷில் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். எந்தக் கதவு வழியாகக் காசு போகிறதோ, அந்தக் கதவைத்தான் சாத்த முடியும். ஆப்பை அழிப்பது எந்தக் கதவையும் சாத்தாது.

சேர்வது ஒரு தொடுதலில், விலகுவது ஒளித்து வைத்த இடத்தில். இந்த மாதிரி சந்தாப் பொறிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது. அதைச் சொல்லி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். தமிழிலேயே பேசலாம். புகார் எண் வந்துவிட்டது. 1,995 ரூபாய் இன்னும் வரவில்லை. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.