90-ஐப் பார்த்தால் அலறும் ஆப்

விலை இறங்கியதிலிருந்து "வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ப்ளூடூத் ஆக்சிமீட்டர், அதோடு பேசும் ஆப், மறுமுனையில் அளவுகளைப் பார்க்கும் செவிலியர், இதற்கெல்லாம் ஒரு மாதச் சந்தா. பெட்டியில் அச்சிட்டிருப்பதைத் திரும்ப எழுதப்போவதில்லை. வீட்டில் சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) நோயாளி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் கான்சன்ட்ரேட்டர், இரண்டு வருடப் பயன்பாடு, நடுவில் ஒரு ரிப்பேர். அதில் தெரிந்தது மட்டும் இங்கே.

முதலில் கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். ஆப்பில் எல்லை 94 சதவீதம். அதற்குக் கீழே போனால் திரை சிவக்கும், மணி அடிக்கும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் செய்தி பறக்கும். கோவிட் காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கிய எண் அது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் ஆபத்துள்ள சி.ஓ.பி.டி. நோயாளிக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். 90 என்றால் அவருக்கு அன்று நல்ல நாள். நல்ல நாளாகப் பார்த்து இந்த ஆப் ஒப்பாரி வைக்கிறது.

எரிச்சலோடு போனால் பரவாயில்லை. சிவப்பைப் பார்த்ததும் வீட்டில் இருப்பவர் கை நேராகக் கான்சன்ட்ரேட்டர் குமிழுக்குத்தான் போகும். நிமிடத்துக்கு 1 லிட்டர் என்பது 3 ஆகும். எண் 97-க்கு ஏறும், திரை பச்சையாகும், எல்லாருக்கும் நிம்மதி. உள்ளே நடப்பது வேறு. காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கு உடலே ரத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தாராளமாக வந்ததும் அந்தப் பிடி தளர்ந்து ரத்தம் அங்கேயும் வீணாகப் பாயும். போதாததற்கு, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சுமந்துவந்த கார்பன் டை ஆக்சைடை இறக்கிவிடும். காலைத் தலைவலி, பகல் முழுக்கத் தூக்கக் கலக்கம், கை உதறல், பேச்சில் தடுமாற்றம் எல்லாம் இதனால் வரலாம். அப்போதும் ஆக்சிமீட்டர் 97 காட்டிக்கொண்டிருக்கும். கார்பன் டை ஆக்சைடு அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ்களில் 405 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தவர்களைவிட 88–92-க்குள் அளந்து கொடுத்தவர்களில் இறப்பு பாதிக்கும் கீழே இருந்தது.

எல்லையை மாற்றும் இடம் ஆப்பிலேயே இருக்கிறது. சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும், தொட்டால் திறக்காது. மருத்துவர் பக்க லாகினில் போனால்தான் மாறும். "பாதுகாப்புக்காக" என்றார்கள். மருத்துவரிடம் இலக்கு எத்தனை, எதற்குக் கீழே போனால் எச்சரிக்கை, எத்தனை லிட்டர், நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று நான்கு வரி எழுதி வாங்கி அனுப்பிய பிறகு மாற்றினார்கள். அடுத்த அப்டேட்டில் மறுபடியும் 94! அந்த நான்கு வரிச் சீட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும். லிட்டர் அளவை ஒரு பிளாஸ்திரியில் எழுதிக் குமிழுக்குப் பக்கத்தில் ஒட்டுவதும் உதவும்.

பொய் அலாரம் தனிக் கதை. கருவி சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பாய்ச்சி, நாடித் துடிப்போடு ஏறியிறங்கும் ரத்தத்தில் இரண்டும் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்று பார்த்துத்தான் எண் சொல்கிறது. குளிர்ந்த விரல், அடர்நிற நகப்பூச்சு, கருப்பு மருதாணி, கை ஆட்டம், ஜன்னல் வெயில் எது இருந்தாலும் கணக்குத் தப்பும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையைத் தேய்த்துச் சூடேற்றி, மடியில் வைத்து, தினமும் ஒரே விரலில் மாட்டுங்கள். திரையில் அலை சீராக ஓடி, ஒரு நிமிடம் எண் நிலைத்த பிறகு வருவதுதான் அளவு. மாட்டியவுடன் வரும் முதல் எண்ணை ஆப் பதிந்துகொள்கிறது என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். நிலைத்த பிறகு ப்ளூடூத்தை இணைத்தால் தப்பலாம்.

ரிப்பேரும் இதே வகைதான். ஒரு வருடத்தில் கிளிப்பின் ஸ்பிரிங் தளர்ந்து, இடுக்கு வழியே வெளிச்சம் புகுந்து எண்கள் குதித்தன. சென்சார் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்றது சேவை மையம். ஸ்பிரிங்கை மாற்றி, உள்ளே இருக்கும் கண்ணாடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்ததும் சரியானது.

எண் உண்மையாகவே இறங்கினாலும், மருத்துவரை அழைக்கும்போதே மெஷினையும் ஒரு பார்வை பாருங்கள். மூக்குக் குழாயின் நுனியை டம்ளர் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வரவில்லை என்றால் காற்று வந்து சேரவில்லை. பெரும்பாலும் ஆக்சிஜனை ஈரமாக்க மெஷினில் மாட்டும் தண்ணீர் பாட்டிலின் மூடி மரை மாறி ஏறியிருக்கும், அல்லது குழாய் கட்டில் காலுக்கு அடியில் மடங்கியிருக்கும். பின்பக்க ஸ்பாஞ்சு ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். "ரிமோட் கண்காணிப்பு" என்று பெயர், கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூட இந்த ஆப்புக்குத் தெரியாது. மின்வெட்டுக்கு 'பி' டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் பேட்டரி அமைப்பில் இந்த ஆப்பைக் கட்டுப்பாடு இல்லாமல் விடவும். இல்லையென்றால் போன் இரவில் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். தேவையில்லாதபோது அலறிவிட்டு, தேவைப்படும் இரவில் வாய்மூடிக் கிடக்கும்.

நம் நிறத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கருத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2021-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அதனால் மருத்துவமனைக்குப் போகும்போது கருவியையும் கொண்டுபோய், ரத்தவாயுப் பரிசோதனை (ரத்தம் எடுத்து ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவைப் பார்ப்பது) எடுக்கும் அதே நேரத்தில் மாட்டி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வரைபடம் அருமை. எட்டு வாரக் கோட்டில் சாச்சுரேஷன் (ஆக்சிஜன் சதவீதம்) 90, 91 என்று போய்க்கொண்டிருந்தது, திடீரென்று மூன்று நாள் 88-இல் உட்காருகிறது. ஓய்வு நாடி 84-இலிருந்து 98-க்கு ஏறுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே கண்ணில் படாது. கோடாகப் பார்த்ததும், சளி மஞ்சளாவதற்கு முன்பே மருத்துவரை அழைக்க முடிந்தது. தினமும் ஆப் கேட்கும் மூன்று கேள்விகளும் உருப்படியானவை: இளைப்பு கூடியதா, சளி கூடியதா, நிறம் மாறியதா? 1987-இல் கனடாவில் வந்த ஆய்விலிருந்து மருத்துவர்கள் கேட்டுவருவது இதைத்தான்.

ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையே வேண்டியிருக்காது என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் 256 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியான சோதனையில், இப்படி வீட்டிலிருந்து கண்காணித்ததால் மருத்துவமனைச் சேர்க்கை தள்ளிப்போகவில்லை.

கருவிக்கு ஐந்தில் நான்கு. ஆப்புக்கு ஒன்று, அந்த ஒன்றும் வரைபடத்துக்காக. வாங்கலாமா என்றால், எல்லையை வீட்டிலிருந்தே மாற்ற விடும்வரை வேண்டாம். இங்கே சந்தாவை நேற்றுதான் புதுப்பித்தோம்.