சூப்பர்ஹீரோ ரோல்பிளே சிஸ்டங்கள்: கேம் மாஸ்டராகப் பல வருட அனுபவம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையை ஆடுவதுதான் ரோல்பிளே. அதில் சூப்பர்ஹீரோ ஆட்டம் நடத்துவதில் பெரிய வேலை வில்லன்தான். ஹீரோவை அந்தந்த பிளேயரே ஆற அமர உட்கார்ந்து செதுக்கிவிடுவார். வில்லன், அவனுடைய அடியாட்கள், இடிந்து விழப்போகும் பாலம், அதில் சிக்கிய பஸ் எல்லாம் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தலையில்தான் விழும். அதனால் ஒரு சிஸ்டத்தில், அதாவது ஆட்ட விதிகளின் தொகுப்பில், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஆட்டத்துக்கு முந்தைய நாள் எனக்கு எவ்வளவு வேலை வைக்கிறது, அந்த உழைப்பு மேசையில் பலன் தருகிறதா?

நான் அதிக காலம் நடத்தியது மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைன்ட்ஸ், 2011இல் வந்த மூன்றாம் பதிப்பு. டி20 எனும் இருபது முகப் பகடை ஒன்று போதும். வழக்கமான தொடக்கம் பவர் லெவல் (ஹீரோக்களின் வலிமை அளவு) 10, கேரக்டர் உருவாக்க 150 பாயின்ட். அந்த லெவலில் தாக்குதல் போனஸும் (குறி பார்க்கும் திறன்) அடியின் ரேங்க்கும் (அடியின் பலம்) சேர்ந்து 20ஐத் தாண்டக் கூடாது; டாட்ஜும் (விலகும் திறன்) டஃப்னஸும் (தாங்கும் திறன்) சேர்ந்தாலும் அதே 20தான். குறி தப்பாத வில்லாளியும் கட்டடத்தையே தூக்கும் ராட்சதனும் ஒரே சண்டையில் சமமாக நிற்பதற்கு இந்த உச்சவரம்புதான் காரணம். பிளேயர்கள் எவ்வளவு விசித்திரமான கேரக்டரைக் கொண்டுவந்தாலும் எனக்குப் பயம் வருவதில்லை.

இதில் அடிபட அடிபடக் குறைந்துகொண்டே வரும் ஹிட் பாயின்ட் கிடையாது. அடிபட்டவர் 15 கூட்டல் அடியின் ரேங்க் என்ற இலக்கை எட்டப் பகடை உருட்ட வேண்டும். கொஞ்சம் தவறினால் அடுத்த முறைக்கு ஒரு மைனஸ். ரொம்பத் தவறினால் அங்கேயே ஆள் காலி. இதன் விளைவு என்னவென்றால், மாதக்கணக்கில் கதையில் வளர்த்துக் கொண்டுவந்த வில்லன் முதல் ரவுண்டிலேயே சுருண்டு விழலாம். அதற்கு மருந்தும் சிஸ்டத்திலேயே இருக்கிறது: பாதிக்கப்படும் ஹீரோக்களுக்குப் பிறகு சலுகையாகச் செலவழிக்க ஒரு ஹீரோ பாயின்ட் கொடுத்துவிட்டு, வில்லன் தப்பிவிட்டான் என்று கேம் மாஸ்டர் அறிவிக்கலாம். பிளேயர்கள் முணுமுணுத்தாலும் கைக்கு வந்த பாயின்ட்டைப் பிறகு ஆசையாகச் செலவழிப்பார்கள். இதை அடிக்கடி செய்தால் மட்டும் வெற்றிக்கே மதிப்பில்லாமல் போய்விடும்.

பவர்களைக் கணக்குப் போட்டுக் கட்டுவது இதில் நிஜமாகவே நேரம் தின்னும் வேலை. கேம்மாஸ்டர்ஸ் கைடு புத்தகத்தில் ஆயத்தமாக இருக்கும் வில்லன்களை எடுத்து, பெயரையும் தோற்றத்தையும் மாற்றிக்கொள்வதுதான் என் வழக்கம்.

மாஸ்க்ஸ் இதற்கு நேர் எதிர். 2016இல் மேக்பை கேம்ஸ் வெளியிட்டது. பதின்வயது ஹீரோக்களைப் பற்றியது. கேம் மாஸ்டர் பகடையையே தொடுவதில்லை. வில்லனைத் தயாரிக்கப் பத்து நிமிடம் தாராளம்: அவனுக்கு என்ன வேண்டும், கோபம், பயம், குற்ற உணர்வு போன்ற எந்தெந்த கண்டிஷன்களை (அடிபடும்போது விழும் மனநிலைகளை) தாங்குவான் என்று எழுதினால் முடிந்தது. ஒரு கண்டிஷன் விழுந்ததுமே அவன் திருப்பி ஏதாவது செய்வான், அதனால் சண்டை தேங்காது. எனக்கு மிகவும் பிடித்தது லேபிள்கள், அதாவது ஹீரோ தன்னை எப்படிப் பார்க்கிறார் என்பதற்கான எண்கள். டேஞ்சர் (ஆபத்தானவர்), ஃப்ரீக் (விசித்திரமானவர்), சேவியர் (காப்பவர்), சுப்பீரியர் (மேலானவர்), மண்டேன் (சாதாரணமானவர்) என்று ஐந்து. செல்வாக்குள்ள ஒரு பெரியவர் ஹீரோவிடம் “உன்னால் எல்லோருக்கும் ஆபத்து” என்று சொன்னாலே டேஞ்சர் ஏறி வேறொன்று இறங்கும். பிளேயர் அதை ஏற்க மறுத்துப் பகடை உருட்டலாம். அப்பா மகளிடம் பேசும் காட்சிக்கு வில்லன் சண்டைக்கு இணையான கனம் கிடைப்பதை நான் வேறெந்த சிஸ்டத்திலும் பார்த்ததில்லை.

ஆனால் இங்கே உழைப்பு ஆட்டத்துக்கு நடுவில் வருகிறது. ஒவ்வொரு மோசமான பகடைக்கும் அந்த நொடியே நான் புதிதாக ஒன்றை யோசிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் மூளை வற்றிவிடும். பல நாட்கள் தொடரும் நீண்ட கேம்பெய்னில் ஹீரோக்களின் மனக்குழப்பம் தீரத் தீர ஆட்டத்தின் சூடும் குறைகிறது. ஒரு பருவக் கதையாக நடத்தி முடித்துவிடுவது நல்லது.

1981இல் வந்த சாம்பியன்ஸை விட்டுவிட முடியாது. யாருக்கு எப்போது வாய்ப்பு என்று சொல்லும் அதன் ஸ்பீடு சார்ட் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு டர்ன் (சுற்று) என்றால் 12 செக்மென்ட் (துண்டு). ஸ்பீடு 4 உள்ளவருக்கு 3, 6, 9, 12இல் வாய்ப்பு, 6 உள்ளவருக்கு ஒன்றுவிட்டு ஒன்று. வேகம் வேகமாகவே தெரியும், உண்மைதான். ஆனால் பெரிய சண்டை ஒன்றிலேயே மாலை முழுவதும் போய்விடும்.

2023இல் வந்த மார்வெல் மல்டிவர்ஸ் தெரிந்த ஹீரோக்களோடு ஒரு மாலை ஆட நன்றாக இருக்கிறது. மூன்று பகடை, அதில் ஒன்று தனி நிறம், புதியவர்களுக்கும் சட்டென்று புரியும். அதற்கு மேல் நீட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் மேசையில் ஓடுவது மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைன்ட்ஸ்தான். சாம்பியன்ஸிலிருந்து ஒன்றை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். அதில் ஹீரோவைத் துரத்தும் பகையாளி அன்றைக்கு வருவானா என்று செஷன் தொடக்கத்தில் மூன்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். கூட்டல், அந்தப் பகையாளிக்குக் குறித்த எண்ணோ (8, 11 அல்லது 14) அதற்குக் கீழோ வந்தால், அவன் வருவான். ஹீரோக்களின் பகை, குடும்பம், ரகசிய அடையாளம் என எல்லாச் சிக்கல்களுக்கும் நான் இப்போது அப்படியே உருட்டுகிறேன். யாருடையது விழுகிறதோ அவருடைய சிக்கல் அன்றைய கதைக்குள் நுழைகிறது, அவருக்கு ஹீரோ பாயின்ட்டும் கிடைக்கிறது. பாதிக் கதையை அந்தப் பகடைகளே எனக்குக் கொடுத்துவிடுகின்றன.