மக்கன் பேடாவுக்குக் கோவா வாங்குவோர் கவனத்திற்கு: எங்கள் 3,600 ரூபாய் போன விதம்

வேலூரில் பால் பொருட்களை மொத்தமாக விற்கும் கடைகளில் சர்க்கரை சேர்க்காத கோவாவை வாங்கி, வீட்டிலேயே மக்கன் பேடா செய்ய நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 3,600 ரூபாய் கொடுத்து 8 கிலோ மாவுப் பிண்டத்தைச் சுமந்து வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

மகளின் வளைகாப்புக்குப் பேடா செய்வதென்று முடிவாயிற்று. ஆற்காட்டுக்காரர்கள் சம்பந்தியாக அமைந்த பிறகு அந்த ஊருக்கே பெயர்போன இந்த இனிப்பில் குறை வைக்க முடியுமா? கோவாவை அதிகமாகவும் மைதாவைக் குறைவாகவும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் முந்திரி, பாதாம், சாரப்பருப்பு வைத்து உருட்டி, இளஞ்சூட்டில் நெய்யில் பொரித்துப் பாகில் ஊறவைக்கும் பேடாவுக்கு உயிர் கோவாதான். ஒரு லிட்டர் பசும்பாலைச் சுண்டக் காய்ச்சினால் ஏறத்தாழ 200 கிராம் கோவாதான் தேறும் என்பதால், 40 லிட்டர் பாலை வீட்டு அடுப்பில் கிண்டுவது நடக்கிற காரியமில்லை.

கடைக்காரர் பேச்சில் அவ்வளவு பணிவு. மேசைமேல் இருந்த தட்டிலிருந்து ஒரு துண்டு கோவாவைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து, "தேய்ச்சுப் பாருங்கம்மா, நெய் வாசனை வரலேன்னா வாங்கவே வேணாம்" என்றார். தேய்த்தேன், மணலைப் போல் பொடிந்து, நெய் கசிந்து, கை முழுவதும் மணத்தது. கலப்படக் கோவாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவரே எனக்குப் பாடம் நடத்தினார் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு பற்றி எரிகிறது. ஏனெனில், எங்களுக்குக் கட்டிக் கொடுத்த சரக்கு அந்தத் தட்டிலிருந்து வரவில்லை. உள்ளே இருந்த குளிர்ப்பெட்டியிலிருந்து, எந்த அச்சும் இல்லாத ஒரு கிலோ பொட்டலங்களாக வந்தது. அதுவும் காலையில் கிண்டிய அதே கோவாதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பில் கேட்டதற்கு, இயந்திரத்தில் காகிதச் சுருள் தீர்ந்துவிட்டதென்று துண்டுச் சீட்டில் "கோவா 8, 3600" என்று கிறுக்கிக் கொடுத்தார்.

முதல் ஈட்டில் போட்ட உருண்டைகள் நெய்யில் விரிந்து கரைந்தன. சமையலுக்கு வந்திருந்த பெரியம்மா இன்னும் கொஞ்சம் மைதா சேர்த்துப் பிசைந்தார். அடுத்த ஈடு வெளியே கறுத்து, பாகில் இரவெல்லாம் கிடந்தும் உள்ளே ஊறாமல் கல்லாக நின்றது. சந்தேகப்பட்டு, மைதா கலக்காத கோவாவில் சிறிதளவை எடுத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மருந்துக் கடையில் வாங்கிய டிங்சர் அயோடினைச் சில சொட்டு விட்டபோது அது கருநீலமாக மாறியது. மாவுச்சத்து இருந்தால்தான் அப்படி மாறும். கோவாவில் மாவுச்சத்து சேர்க்கக் கூடாதென்பது இந்த நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. உலர் எடையில் குறைந்தது 30 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான்.

பொட்டலங்களோடு திரும்பிப் போனால், பணிவு இருந்த இடத்தில் அலட்சியம் உட்கார்ந்திருந்தது. முதலில் எங்கள் அடுப்புச் சூட்டைக் குறை சொன்னார்கள். அயோடின் நிறத்தைச் சொன்னதும், "நீங்க மைதா போட்டீங்க இல்ல, நீலமாத்தான் வரும்" என்று ஒரு பையன் சிரித்தான். அவர்கள் எதிரிலேயே வேறொரு பொட்டலத்தைப் பிரித்துச் சோதிக்கலாம் என்றதும், முதலாளி ஆம்பூர் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த முறை போனபோது முதலாளி இருந்தார். துண்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எங்கள் கடைப் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஸ்கேன் செய்து பணம் அனுப்பிய பதிவைக் காட்டினால், அது தன் மைத்துனருடைய கணக்காம், கடைக்குச் சம்பந்தமில்லையாம். இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. நெய்யும் பருப்பும் வீணான கணக்கை விட்டுவிடுங்கள், கோவாவுக்குக் கொடுத்த 3,600 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. வளைகாப்பு அன்று ஆற்காட்டிலிருந்தே பேடா வாங்கி வந்து பரிமாறினோம்.

நல்ல கோவாவைத் தேர்ந்தெடுப்பது குறித்து விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் அது ஓடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கிள்ளித் தந்த துண்டை நம்பாமல், உங்களுக்குக் கட்டும் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லித் தேய்த்துப் பாருங்கள். கடையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பணம் போகும் கணக்கின் பெயரையும் படியுங்கள். வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 40-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டுமாம். விசேஷத்துக்குக் கோவா வாங்கப் போகிறவர் யார் அப்படிச் சொல்லிக்கொண்டு போவார்? இனிமேல் நான் சொல்வேன். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், பிரிக்காத பொட்டலம் ஒன்றை மைதாவின் பக்கமே கொண்டுபோகாமல் தனியாக வைத்திருங்கள். அச்சிட்ட பில் இல்லையென்றால் பணப்பையைக்கூடத் திறக்காதீர்கள்.